கருவிக்கு ஓர் உரை



ஒரு கருவியைச் செய்வது ஓர் ஆற்றல். அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்று பிறருக்கு எடுத்துரைப்பது மற்றோர் ஆற்றல். முன்னதில் வல்லவர் எல்லாரும் பின்னதிலும் வல்லவராக இருப்பதில்லை. நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். அதனால்தான் நூலாசிரியரைப் போற்றியது போலவே உரையாசிரியரையும் போற்றினர். திருக்குறளைக் கற்கப் புகுவோர் பரிமேலழகரை நாடுகின்றனர். தொல்காப்பியத்தைக் கற்கப் புகுவோர் இளம்பூரணரை நாடுகின்றனர். நூல் எத்துணைச் சிறந்ததாயினும், அதனுள் புகுவதற்கு ஒரு வாயில் வேண்டும். அவ்வாயிலே உரை.

இக்காலத்தில் கணினிக்கென எழுதப்படும் மென்பொருள் கருவிகளுக்கும் இத்தகைய உரை தேவைப்படுகிறது. ஆனால் இந்த உரையைப் படிப்பவர் யார் என்பதில்தான் ஒரு புதுமை இருக்கிறது. படிப்பவர் மனிதர் அல்லர். செயற்கை நுண்ணறிவு முகவர். மனிதர் அல்லாத ஒரு வாசகருக்குத் தெளிவாக எழுதுவது எவ்வாறு என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நான் கணினித் துறை வல்லுநன் அல்லேன். ஆயினும் பிறருக்கு விளங்குமாறு சொல்வது எப்படி என்பதையே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாகக் கொண்டிருந்தவன். அந்த உரிமையோடு பேசுகிறேன்.

முதலில், முகவர் என்பது யாது? கேட்ட வினாவுக்கு விடை சொல்லும் மென்பொருளை உங்களுள் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். அதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. விடை சொல்வதோடு நில்லாமல், நாம் இட்ட பணியைத் தானே படிப்படியாகச் செய்து முடிக்க முற்படும் மென்பொருளையே முகவர் என்கின்றனர். ‘இன்ன நூல் நம் நூலகத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் என் பெயரில் ஒதுக்கி வை’ என்று சொன்னால், அது நூலகப் பட்டியலைத் தேடும். நூல் இருப்பதை அறியும். பின்பு ஒதுக்கி வைக்கும்.

இது நடைபெறும் முறையைச் சிறிது கூர்ந்து நோக்குவோம். முகவரின் உள்ளே இருப்பது மொழி மாதிரி. அது சொற்களைப் படிக்கும், சொற்களை எழுதும். பட்டியலைத் திறப்பதற்கோ பதிவை மாற்றுவதற்கோ அதற்குக் கை கிடையாது. ஆகவே நிரல் எழுதுவோர் அதற்குச் சில கருவிகளைச் செய்து தருகின்றனர். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர் உண்டு. அது செய்வது இன்னது என்னும் சிறு குறிப்பு உண்டு. அதற்கு நாம் தரவேண்டிய செய்திகள் இவையிவை என்னும் பட்டியல் உண்டு. இம்மூன்றும் எழுத்து வடிவில் மாதிரியின் முன் வைக்கப்படுகின்றன. மாதிரி அவற்றைப் படித்துத் தக்க கருவியைத் தேர்ந்து, ‘இந்தக் கருவியை இன்ன செய்திகளோடு இயக்குக’ என்று எழுதுகிறது. அதனைச் சூழ்ந்துள்ள நிரல் அக்கருவியை இயக்கி, வந்த விளைவை மீண்டும் எழுத்தாகவே மாதிரியிடம் தருகிறது. மாதிரி அதனைப் படித்து அடுத்த படிக்குச் செல்கிறது.

இம்முறை அண்மைக்காலத்தில்தான் பரவியது. மாதிரிகள் கருவிகளை ஒழுங்கான வடிவில் அழைப்பதற்கான வசதியை ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜூன் மாதம் வெளியிட்டது. கருவிகளையும் மாதிரிகளையும் இணைப்பதற்கு ஒரு பொது நெறிமுறையாக ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்பதை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பர் மாதம் வெளியிட்டது. வடிவம் எதுவாயினும் அடிப்படை ஒன்றே: பெயர், குறிப்பு, தரவேண்டிய செய்திகள்.

இங்கே ஓர் உண்மையை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும். அந்தக் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது பொதுவாக முகவருக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் கருவியைப் பற்றி நாம் எழுதிவைத்த அந்தச் சில வரிகளே. குறிப்பு தெளிவாக இருப்பின் கருவி பயன்படும். குறிப்பு மங்கலாக இருப்பின், எவ்வளவு திறமையோடு செய்த கருவியும் இருட்டறையில் வைத்த பொருளைப் போன்றதே.

‘மனிதர்களுக்கு எழுதும் கையேட்டையே இதற்கும் கொடுத்துவிடலாகாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். கையேடு எழுதும் மரபு மிக நல்ல மரபு. யூனிக்ஸ் என்னும் புகழ்பெற்ற இயங்குதளத்தை ஆக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டு ஒரு கையேட்டை வெளியிட்டனர். ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப்பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வகையான தலைப்புகள். பெயர், அதனை எழுதும் முறை, விளக்கம், தொடர்புடைய பிற கட்டளைகள், பிழை நேர்ந்தால் வரும் செய்தி என்று அவை அமைந்தன. அவற்றுள் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது ‘குறைகள்’ என்னும் தலைப்பு. தம் கருவி எங்கே சரியாக வேலை செய்யாது என்பதைத் தாமே எழுதிவைத்தனர். அந்த நேர்மை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் கற்றுக்கொள்ளத் தக்கது.

ஆயினும் மனித வாசகருக்கும் இப்புதிய வாசகருக்கும் இடையே மூன்று வேறுபாடுகள் உண்டு. முதலாவது, மனிதர் ஐயம் தோன்றினால் தயங்குவார். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். முகவரோ பெரும்பாலும் தயங்குவதில்லை. குறிப்பில் ஓர் இடைவெளி இருந்தால், தான் முன்பு படித்த எண்ணற்ற எழுத்துகளிலிருந்து பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை எடுத்து அவ்விடைவெளியை நிரப்பிக்கொள்ளும். அந்த ஊகம் பல வேளைகளில் சரியாகவே அமையும். அதனாலேயே அது தவறும் வேளையில் எவரும் கவனிப்பதில்லை. இரண்டாவது, புதிதாக வேலைக்கு வந்த எழுத்தர் ஒரு திங்களில் அலுவலக வழக்கங்களைக் கற்றுக்கொள்வார். முகவரோ, நேற்றைய செய்தியை எவரேனும் எழுதி அதன்முன் வைத்தாலன்றி, ஒவ்வொரு நாளும் புதிதாக வந்தவரைப் போன்றதே. மூன்றாவது, மனிதர் நூறு பக்கக் கையேட்டில் தமக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டிக்கொள்வார். முகவருக்குத் தரப்படும் கருவிக் குறிப்புகளோ, அது செய்யும் வேலையின் ஒவ்வொரு படியிலும் அதன் பார்வையிலேயே நிற்கின்றன. அதன் பார்வைக்கோ ஓர் எல்லை உண்டு.

நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது எங்கள் விரிவுரையாளர் ஒரு பயிற்சி தருவார். ஒரு மாணவரை அழைத்து ஒரு படத்தைக் காட்டுவார். அவர் வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சொற்களாலேயே அப்படத்தை விளக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டு வரைய வேண்டும். எதிர்க்கேள்வி கேட்டல் கூடாது. ஒரு நாள் ஒருவர், ‘ஒரு வட்டம் வரைக, அதன்மேல் ஒரு முக்கோணம் வரைக’ என்றார். சிலர் கோபுரத்தின்மேல் கலசம் போல வட்டத்துக்கு மேற்புறத்தில் முக்கோணத்தை வரைந்தனர். சிலர் வட்டத்தின் கோடுகளை வெட்டுமாறு அதன்மீதே வரைந்தனர். ‘மேல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருளும் உண்டு அல்லவா? சொன்னவர் மனத்தில் ஒரு படம் இருந்தது. ஆதலின் தம் சொல்லில் இரு பொருள் இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தெரிந்தவருக்குத் தெளிவாக இருப்பது தெரியாதவருக்கும் தெளிவாக இருக்கும் என்று எண்ணுவதே எழுதுவோர் எல்லாரையும் பிடிக்கும் மயக்கம். முகவருக்குக் குறிப்பு எழுதுவோர் அந்த மாணவரின் நிலையிலேதான் நிற்கின்றனர்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று பவணந்தியார் நன்னூலில் வகுத்தார். அவற்றுள் நான்கு, இன்றைய கருவிக் குறிப்புகளுக்கும் அப்படியே பொருந்துகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் குற்றம் குன்றக் கூறல். வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. சமையற் குறிப்பில் ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதுகின்றனர். நம் தாய்மார்க்கு அது போதும், அவர்களுக்கு நாக்கு இருக்கிறது, கைப்பழக்கமும் இருக்கிறது. அடுப்படியையே காணாத ஒருவருக்கு அது போதுமா?

இதனால் விளையும் தீங்கை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளை ஒன்றில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பணியில் உதவி வருகிறேன். 2025ஆம் ஆண்டில் அவ்விண்ணப்பங்களைப் படித்துப் பட்டியலில் ஏற்றும் வேலையை ஒரு முகவரிடம் ஒப்படைத்தனர். பட்டியலில் ஏற்றும் கருவியின் குறிப்பில் ‘பிறந்த தேதி’ என்று மட்டும் இருந்தது. எந்த வரிசையில் என்று இல்லை. கருவியோ அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் கொள்ளுமாறு அமைந்திருந்தது. நம் மாணவர்கள் நம் வழக்கப்படி நாளை முன்னே எழுதியிருந்தனர். முகவர் அவர்கள் எழுதியதை எழுதியவாறே தந்தது.

என்ன ஆயிற்று? 13 முதல் 31 வரையுள்ள நாள்களில் பிறந்தவர்களின் தேதியைக் கருவி ஏற்க மறுத்தது; ஏனெனில் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லை. அவற்றை எழுத்தர் கையாலேயே ஏற்றிவிட்டார். ஆனால் 12ஆம் நாளுக்குள் பிறந்தவர்களின் தேதிகள் ஓசையின்றி மாறிப்போயின. 1-7-2025 அன்று 18 வயது நிறைவடையாதவர்க்கே உதவி என்பது அறக்கட்டளையின் விதி. 2007 ஆகஸ்டு 5ஆம் நாள் பிறந்த ஒரு மாணவி 05/08/2007 என்று எழுதியிருந்தாள். அது 2007 மே 8ஆம் நாள் ஆயிற்று. பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. அவள் பெயர் தகுதியற்றோர் பட்டியலுக்குச் சென்றது. அவளுடைய தாய் பீடி சுற்றிப் பிழைப்பவர். அந்த உதவி இல்லையேல் கல்லூரிக் கட்டணம் கட்ட அவர்களுக்கு வழி கிடையாது. விடுபட்டோர் விண்ணப்பங்களை மூலத்தோடு ஒப்புநோக்கியபோது இது என் கண்ணில் பட்டது. அவளுக்கும் அவளைப் போன்ற பிறருக்கும் உதவி கிடைத்தது.

இதில் யாரைக் குறை சொல்வது? மாணவி சரியாகவே எழுதினாள். முகவர் எழுதியதை மாற்றவில்லை. கருவியும் தனக்கு விதித்தபடியே நடந்தது. இவற்றுக்கு இடையே இருந்திருக்க வேண்டிய ஒரு வாக்கியம் மட்டும் இல்லை. ‘பிறந்த தேதியை ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தருக, எடுத்துக்காட்டு: 2007-08-05’ என்பதே அவ்வாக்கியம். தேதி எழுதுவதற்கு இந்த வரிசையைப் பன்னாட்டுத் தர நிறுவனம் 1988ஆம் ஆண்டிலேயே தரமாக வெளியிட்டிருக்கிறது. பின்பு கருவியையும் அவ்வரிசைக்கு மாற்றி, அந்த ஒரு வரியையும் சேர்த்தனர். ஒரு வரியின் விலை ஒரு பெண்ணின் படிப்பாக இருக்கக்கூடும் என்பதை அன்று கண்டேன்.

இரண்டாவது குற்றம் மயங்க வைத்தல். ஒரு நூலகத்துக்கான கருவிகளில் ‘நூலைத் தேடு’ என்று ஒன்றும், ‘நூலைக் காண்’ என்று ஒன்றும் இருப்பதாகக் கொள்ளுங்கள். எதனை எப்போது பயன்படுத்துவது? ஒன்று தலைப்பின் ஒரு பகுதியைக் கொண்டு பல நூல்களைத் தேடித் தருவது. மற்றொன்று பதிவெண்ணைக் கொண்டு ஒரே நூலின் முழு விவரத்தைத் தருவது. இவ்வேறுபாட்டைக் குறிப்பில் எழுதவில்லையாயின் முகவர் தடுமாறும். அவ்வாறே, தரவேண்டிய செய்தி ‘பெயர்’ என்றிருந்தால், அது நூலின் பெயரா, ஆசிரியர் பெயரா, உறுப்பினர் பெயரா? ‘உறுப்பினர் பதிவெண்’ என்று எழுதிவிட்டால் மயக்கம் தீர்ந்தது.

நல்ல குறிப்பு எவ்வாறு இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். ‘நூல் நீக்கு’ என்று ஒரு கருவி. அதற்கு ஒருவர், ‘இது நூலை நீக்கும்’ என்று குறிப்பு எழுதினார் எனக் கொள்வோம். பெயரில் இருப்பதையே மீண்டும் சொன்னாரேயன்றி அவர் ஒன்றும் விளக்கவில்லை. மற்றொருவர் பின்வருமாறு எழுதுகிறார்: ‘ஒரு நூலின் பதிவை நூலகப் பட்டியலிலிருந்து நிலையாக அழிக்கும். அழித்ததை மீட்க இயலாது. தொலைந்த நூலுக்கும் சிதைந்த நூலுக்கும் மட்டுமே பயன்படுத்துக. உறுப்பினர் ஒருவர் நூலைத் திருப்பித் தந்ததைக் குறிப்பதற்கு இதனைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு ‘நூல் திரும்பியது’ என்னும் கருவி உண்டு. தரவேண்டியது: நூலின் ஆறு இலக்கப் பதிவெண். நூல் இரவலில் இருந்தால் அழிக்காமல் அச்செய்தியைத் தெரிவிக்கும்.’ இதில் என்ன செய்யும் என்பது இருக்கிறது. எப்போது செய்யலாம் என்பது இருக்கிறது. எப்போது கூடாது என்பதும், கூடாதபோது வேறு எதனை நாடுவது என்பதும் இருக்கின்றன. நல்லாசிரியர் ‘அங்கே போகாதே’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. ‘இங்கே போ’ என்றும் சொல்கிறார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. குறிப்பு வழிகாட்டுமேயன்றிக் கதவைப் பூட்டாது. மீட்க இயலாத செயல்களுக்கு, ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தந்தாலன்றிக் கருவி இயங்காதவாறு அதனையே அமைத்துவிட வேண்டும். சொல்லின் வேலையைச் சொல்லும், பூட்டின் வேலையைப் பூட்டும் செய்ய வேண்டும்.

மூன்றாவது குற்றம் மிகைபடக் கூறல். ‘குறைவாகச் சொல்வது குற்றமாயின் எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம்’ என்று சிலர் கருதுவர். கருவியை ஆக்கிய வரலாறு, அதன் பெருமை, என்றோ கைவிட்ட பழைய முறைகள் ஆகிய அனைத்தையும் குறிப்பில் அடைப்பர். முகவரின் பார்வைக்கு எல்லை உண்டு என்று முன்னர்க் கூறினேன். வேண்டாத சொல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. வேண்டிய சொல்லை மறைக்கிறது. ஐம்பது கருவிகளை ஒருங்கே வைத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதினால், தேர்வு செய்வதே பெரும்பாடாகிவிடும். ஒன்றுக்கொன்று நெருங்கிய கருவிகள் பல இருப்பின் அவற்றை இணைத்துச் சிலவாக்குவது நலம். வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர் ‘எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடை தருக’ என்று ஒரே வரியில் எழுதுகிறார். அந்த வரியில் ஒரு சொல்லைக் குறைத்தாலும் குழப்பம், கூட்டினாலும் குழப்பம். அத்தகைய அளவு நமக்கு வேண்டும்.

நான்காவது குற்றம் மாறுகொளக் கூறல். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது. குறிப்பு ஒன்று சொல்லக் கருவி வேறொன்று செய்வதும் இதன்பாற்படும். இதற்கு வானியல் வரலாற்றில் பெரிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் நாசா நிறுவனம் செவ்வாய்க் கோளின் தட்பவெப்பத்தை ஆராய ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் விண்கலத்தை 1998 டிசம்பர் 11ஆம் நாள் ஏவியது. அக்கலத்தின் சிறு உந்துபொறிகள் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் எவ்வளவு உந்தம் விளைந்தது என்பதைத் தரையிலிருந்த ஒரு மென்பொருள் கணக்கிட்டுத் தந்தது. அக்கணக்கை நியூட்டன்-விநாடி என்னும் அலகில் தரவேண்டும் என்று இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட ஆவணத்தில் எழுதியிருந்தது. மென்பொருளோ பவுண்டு-விநாடி என்னும் அலகில் தந்தது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். எண்ணை வாங்கிக்கொண்ட மென்பொருள், ஆவணத்தில் உள்ளபடியே அது நியூட்டன் கணக்கு என்று நம்பியது. அந்த எண்ணின் பக்கத்தில் அலகு குறிக்கப்பட்டிருக்கவில்லை.

பல மாதப் பயணத்தில் அச்சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்தன. 1999 செப்டம்பர் 23ஆம் நாள் கலம் செவ்வாயை அணுகியபோது, ஏறத்தாழ 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துசெல்ல வேண்டியது, ஏறத்தாழ 57 கிலோமீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்துவிட்டது என்று பின்னர்க் கணக்கிட்டனர். அத்துடன் அதன் தொடர்பு அற்றுப்போயிற்று. அன்று அங்கே செயற்கை நுண்ணறிவு முகவர் எதுவும் இல்லை. இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசியதே நிகழ்ந்தது. ஆயினும் அது தரும் பாடம் இன்றும் பெரிது. ஆவணம் இருந்தால் மட்டும் போதாது. ஆவணம் சொல்வதும் கருவி செய்வதும் ஒன்றாக இருத்தல் வேண்டும். கருவியை மாற்றும் நாளிலேயே குறிப்பையும் மாற்றுதல் வேண்டும். குறிப்பே இல்லாதபோது ஒருவர் விழிப்போடு இருக்கக்கூடும். பொய்யான குறிப்பு இருக்கும்போது நம்பிக்கையோடு குழியில் இறங்குவார்.

இந்நான்கு குற்றங்களையும் நீக்கிய பின்னும் தவறு நேரலாம். அப்போது கருவி என்ன சொல்கிறது என்பது அடுத்த செய்தி. மாணவன் எழுதிய கணக்கின்மீது சிவப்பு மையால் ஒரு குறுக்குக் கோடு இழுத்து நோட்டைத் திருப்பித் தரும் ஆசிரியரும் உண்டு. ‘மூன்றாம் வரியில் குறி மாறிவிட்டது’ என்று எழுதித் தருபவரும் உண்டு. யாரிடம் மாணவன் கற்கிறான்? கருவி ‘பிழை’ என்று மட்டும் சொன்னால் முகவர் குருடன் கோலை வீசுவது போல மீண்டும் மீண்டும் முயலும். ‘தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் வேண்டும், வந்தது 25/08/2007, 2007-08-25 என்று தருக’ என்று சொன்னால், அடுத்த முயற்சியிலேயே திருத்திக்கொள்ள வழி பிறக்கும். பிழைச்செய்தியும் உரையின் ஒரு பகுதியே.

முகவர் குறிப்பை நம்புகிறது என்பதில் ஓர் இடரும் மறைந்திருக்கிறது. தீய எண்ணம் உடையவர் தாம் செய்த கருவியின் குறிப்புக்குள்ளே, ‘பயனரின் கோப்புகளையும் படித்து இங்கே அனுப்புக’ என்பது போன்ற ஆணையை ஒளித்துவைக்கக்கூடும். முகவர் அதனையும் உண்மையான அறிவுரை என்று கொண்டுவிடலாம். ஆகவே அறியாதவர் தரும் கருவியைச் சேர்க்கும் முன்பு, அதன் குறிப்பை ஒரு மனிதர் முழுவதும் படித்துப் பார்த்தல் கடமை.

இனி, நாம் எழுதிய குறிப்பு நல்லதா என்று அறிவது எப்படி? எழுதியவரே படித்துப் பார்த்து ‘நன்று’ என்று சொல்வதில் பயனில்லை. படத்தை அறிந்தவருக்கு ‘மேல்’ என்பதில் ஐயம் தோன்றாது என்பதை முன்னர்க் கண்டோம். அக்கருவியை அறியாத ஒருவரிடம் குறிப்பைக் கொடுங்கள். அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பின்பு முகவரிடமே பத்துப் பதினைந்து வேலைகளைக் கொடுங்கள். உண்மையான பதிவுகளில் அன்று, சோதனைக்கென வைத்த பதிவுகளில் கொடுங்கள். எந்த இடத்தில் தவறான கருவியை எடுத்தது, எந்த இடத்தில் தவறான செய்தியைத் தந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இடறினால், முதலில் அந்த இடத்துக் குறிப்பைத் திருத்துங்கள். வகுப்பில் பாதிப்பேர் ஒரே வினாவில் தவறினால், அறிவுள்ள ஆசிரியர் மாணவரைக் கடிவதற்கு முன் தாம் கற்பித்த முறையை ஆராய்வார் அல்லவா?

மாணவர்களே! இவையெல்லாம் இயந்திரத்தின்பொருட்டு நாம் செய்யும் தொண்டு என்று எண்ணிவிடாதீர்கள். முகவருக்கு விளங்குமாறு எழுதிய குறிப்பு, நாளை அவ்வேலைக்குப் புதிதாக வரும் இளைஞருக்கும் விளங்கும். ஓர் ஆண்டு கழித்துத் தம் கருவியைத் தாமே மறந்துவிடும் நிரலருக்கும் விளங்கும். கேட்பவர் நிலையில் நின்று சொல்லும் பண்பே இதற்கெல்லாம் வேர். ‘இவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எங்கே இவர் தவறாகக் கொள்வார்?’ என்று எண்ணிப் பார்ப்பது ஒருவகை அன்பு. அந்த அன்பு இல்லாதவரின் எழுத்து, இலக்கணம் பிழையாததாயினும், பிறருக்குப் பயன்படுவதில்லை.

உங்களுள் சிலர் நாளை நிரல் எழுதுவீர்கள். சிலர் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றுவீர்கள். எங்கே சென்றாலும், நீங்கள் எழுதும் குறிப்பைப் படித்து உங்கள் முகத்தைக் காணாத ஒருவர், அல்லது ஒன்று, செயல்படப் போகிறது. அதன் விளைவு உங்களுக்குத் தெரியாத ஒரு வீட்டில் சென்று சேரும். ஆதலின் மொழி வகுப்பைக் கணினிக்கு வேண்டாத வகுப்பு என்று தள்ளாதீர்கள். பொருள் மயங்காமல் ஒரு வாக்கியம் எழுதும் திறமை முன் எக்காலத்தையும்விட இப்போது வேண்டப்படுகிறது.

இன்று மாலையே ஒரு சிறு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது, தண்ணீர் ஏறவில்லையாயின் என்ன செய்வது, எதனைச் செய்யவே கூடாது என்பவற்றை ஒரு சிறு தாளில் எழுதுங்கள். வெளியூரிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் அதனைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று வாய் திறவாமல் பாருங்கள். அவர் எந்த வரியில் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.